அப்பா 49, பெரியப்பா 52, இப்ப அண்ணன் 42. பொம்பளப் பிள்ளை எனக்கும் ஹார்ட் செக்கப் வேணுமா?

கழுதுருட்டிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக தூங்கினப்பறம் ராத்திரி போன்ல டைப் பண்ணுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க. எனக்குப் பொறந்த ஊரு புளியரை, வாக்கப்பட்டு வந்தது மலைக்கு அந்தப் பக்கம் கழுதுருட்டிக்கு. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டு, நான் தென்மலைல ஒரு கடைல பில் போடுதேன். வயசு 38, ரெண்டு பிள்ளைக, மூத்தவளுக்கு 11, சின்னவனுக்கு 7.

எங்கப்பா பிரானூர் பார்டர்ல மர அறுவை மில்லுல வேலை பாத்தாங்க. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் மத்தியானம் தடி புரட்டிக்கிட்டு இருந்தவுக நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லி சோடா வாங்கிக் குடிச்சிட்டு மரத்தூள் மூட்டை மேல சாஞ்சிருக்காங்க, அவ்வளவுதான், எழுப்பப் போனா ஆளு இல்ல. 49 வயசு. அந்த சட்டைய எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் துவைக்காம டிரங்குப் பொட்டிக்குள்ள வச்சிருக்காங்க, காலர் மடிப்புல மரத்தூள் அப்படியே இருக்கும். அப்பாவுக்கு மூத்தவுக, பெரியப்பா, 52ல தூக்கத்துலயே போயிட்டாங்க. அத்தைக்கு 60ல பைபாஸ். இதெல்லாம் பழைய கதைன்னு இருந்தோம், போன மாசம் அண்ணனுக்கு 42 வயசுல அட்டாக் வந்து திருநெல்வேலில ஸ்டென்ட் வச்சிருக்கு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் கூடப்பொறந்தவங்க எல்லாரும் செக் பண்ணிக்கிடணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு.

மைனி மறுவாரமே தம்பியக் கூட்டிட்டுப் போயி ரத்தம், எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்துட்டாங்க. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானா அம்மாகிட்ட கேட்டதுக்கு "பொம்பளைகளுக்கு அதெல்லாம் வராது தாயி, ஆம்பளைக பீடி குடிச்சாங்க வந்துச்சு"ன்னுட்டாங்க. மனசு கேக்காம இங்க பக்கத்துல ஒரு கிளினிக்குல போயி இசிஜி எடுத்தேன். நார்மல்னு சொல்லி கேஸ் மாத்திரை குடுத்து விட்டாங்க. ஆனா இப்ப கொஞ்ச நாளா கடை மாடிக்கு சாமான் எடுக்க ஏறுனா மூச்சு வாங்குது, ரத்தம் கம்மியா இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்காங்க, அதனாலயான்னும் தெரியல. சின்னவன் வயித்துல இருக்கும்போது பிரஷர் ஏறி நாள் முன்னாடியே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, மத்தபடி ஒரு வியாதியும் கிடையாது.

இசிஜி நார்மல்னா போதுமா? வேற என்ன டெஸ்ட் எடுக்கணும், புனலூர் போகவா தென்காசி போகவா? பிள்ளைகளுக்கும் பாக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராத்திரி படுத்தா அந்த மரத்தூள் மூட்டைதான் கண்ணுக்குள்ள வருது.

தென்காசி லேப் தம்பி

அக்கா, நான் லேப் டெக்னீசியன், டாக்டர் இல்ல, ஆனா தினம் இந்த ரிப்போர்ட்டுகளுக்குள்ளயே இருக்கதால சொல்லுதேன். குடும்பத்துல சீக்கிரம் இதயநோய் வந்திருக்குன்னு டாக்டருங்க கணக்குல எடுக்குறது எப்படின்னா அப்பா, அண்ணன், தம்பி மாதிரி நேரடி ரத்த சொந்தத்துல ஆம்பளைக்கு 55 வயசுக்குள்ள வந்திருக்கணும், அம்மா, அக்கா, தங்கச்சின்னா 65க்குள்ள. உங்களுக்கு அப்பா ஒண்ணு, அண்ணன் ஒண்ணு, ரெண்டு பேரு நேரடி. பெரியப்பாவும் அத்தையும் அதுக்கு அடுத்த வட்டம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். நீங்க ஆணா பொண்ணாங்கிறதுல இந்தக் கணக்கு மாறாது.

இசிஜிங்கிறது நீங்க படுத்திருக்கிற அந்த சில நொடி இதயத்துல கரண்ட் எப்படி ஓடுதுன்னு மட்டும்தான் காட்டும். இதயத்து ரத்தக் குழாய்ல நல்ல அடைப்பு இருந்தாலும் சும்மா படுத்திருக்கும்போது ரத்தம் போதுமான அளவு போகும், அப்ப கோடு நார்மலாத்தான் வரும். அதனால அந்தப் பேப்பர வச்சு நிம்மதியாயிராதீங்க, தூக்கியும் போட்டுராதீங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க உதவும், பத்திரமா வைங்க.

மொதல்ல ரத்தத்துல தொடங்குங்க. கொழுப்புக்கு லிப்பிட் புரொஃபைல், மூணு மாச சுகர், கிட்னிக்கு கிரியாட்டினின், தைராய்டு, ஹீமோகுளோபின். தைராய்டு எதுக்குன்னா அது கம்மியா இருந்தாலே கொழுப்பு ஏறும், மாத்திரை போட்டா தானா இறங்கிரும். ஹீமோகுளோபின் உங்க மூச்சு வாங்கலுக்கு. இதோட லிப்போபுரோட்டீன் ஏ ன்னு ஒரு வகைக் கொழுப்பு இருக்கு, லேப்ல எல்பி லிட்டில் ஏ ம்போம், மாஸ்டர் செக்கப் பேக்கேஜுல பெரும்பாலும் இருக்காது, நீங்களா வாய்விட்டு கேக்கணும். இது சாப்பாட்டால ஏறி இறங்குறது இல்ல, பொறப்புலயே ஜீன்ல வர்றது, அதனால வாழ்க்கைல ஒரு தடவை பாத்தா போதும். 50 மில்லிகிராமுக்கு மேல வந்தா கூடுதல், நம்ம தெற்காசிய ஆளுகள்ல சுமார் நாலுல ஒருத்தருக்கு இது கூடுதலாத்தான் இருக்கு. எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு சரியா இருந்தும் சின்ன வயசுல அட்டாக் வந்த குடும்பங்கள்ல பல நேரம் இதுதான் ஒளிஞ்சிருக்கும்.

பத்து பன்னெண்டு மணி நேரம் வெறும் வயித்துல வாங்க, தண்ணி குடிக்கலாம். காய்ச்சல் வந்து தேறுன வாரத்துல எடுக்காதீங்க, உடம்பு சரியில்லாதப்ப எல்டிஎல் கொறஞ்சு காட்டும். அட்டாக் வந்து ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு எடுத்தாலும் அப்படித்தான், அதனால உங்க அண்ணனோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட வச்சு அவருக்குக் கொழுப்பே இல்லன்னு முடிவு பண்ணிறாதீங்க, அதுக்கு முன்னாடி எப்பயாச்சும் எடுத்த பழைய ரிப்போர்ட் இருக்கான்னு மைனிகிட்ட கேளுங்க.

பார்டர் மில் அண்ணாச்சி

ஏம்மா, உங்கப்பா வேலை பாத்த அதே லைன்லதான் நானும் 30 வருசமா இருக்கேன். மரத்தூள் மூட்டைன்னு படிச்சதும் கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன். எனக்கு 57. எங்கண்ணன் 46ல போயிட்டான். அந்தப் பயத்துல நானும் உன்ன மாதிரியே ஒரு கிளினிக்குல இசிஜி எடுத்தேன், நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாவ, அந்தப் பேப்பர மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிட்டு பழைய மாதிரி பீடியும் கடுங்காப்பியுமா இருந்தேன்.

மூணு வாரம் கழியல. லோடு லாரில கேரளா போறோம், ஆரியங்காவு தாண்டி இறக்கத்துல இடது தோளு கடுக்குது, தாடை வரைக்கும் இழுக்குது, பனியனப் பிழிஞ்சா தண்ணி ஓடும் அப்படி ஒரு வேர்வை. எனக்கு வாய்வுன்னுதான் தோணுச்சு, வண்டிய ஓரங்கட்டு சுக்குக் காப்பி குடிப்போம்னு சொல்லுதேன். டிரைவரு சின்னப்பய, அவங்கப்பாவுக்கு வந்தப்ப பாத்திருக்கான் போல, என் பேச்சக் கேக்கவே இல்ல, நேரா புனலூர்ல ஆஸ்பத்திரி வாசல்ல போயித்தான் நிப்பாட்டுனான். கட்டிய கரைக்கிற ஊசி போட்டாவ, அப்புறம் திருவனந்தபுரத்துல ஆஞ்சியோ பாத்து ரெண்டு ஸ்டென்ட். அந்தப் பய ஓரங்கட்டியிருந்தா இன்னைக்கு உனக்குப் பதில் எழுத நான் இல்ல.

பீடிய அன்னைக்கே விட்டாச்சு. விட்டு ஒரு வருசத்துலயே ஆபத்து பாதியாக் கொறையும்னு டாக்டர் சொன்னாவ, அந்த ஒரு வருசத்த நாள் எண்ணித்தான் கழிச்சேன். நீ காசு செலவு பாக்காத, நேரா ஆஞ்சியோ எடுத்துரு, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும்.

கொழிஞ்சாம்பாறை மணி

நானும் உள்ள பாத்துரணும்னுதானுங்க சொல்ல வந்தேன். எங்க சித்தப்பா பையன் கோயமுத்தூர் போயி சிடி ஸ்கேன்ல கால்சியம் ஸ்கோர் எடுத்தானுங்க, பூஜ்யம்னு வந்துருச்சு, இனி அஞ்சு வருசத்துக்கு எந்த டெஸ்ட்டும் வேண்டாம், என்ன வேணா சாப்பிடலாம்னு சந்தோசமா இருக்கான். அவனுக்கு வயசு 34. அக்கா நீங்களும் அதையே எடுத்துருங்க.

செங்கோட்டை நர்ஸ்

தங்கச்சி, நான் செங்கோட்டைக்காரி, திருவனந்தபுரத்துல இதய வார்டுல 16 வருசமா வேலை பாக்குறேன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த மூச்சு வாங்கல். குடும்பத்துல இருக்குன்னு ஒண்ணும் தொந்தரவு இல்லாதவங்க செக்கப் போறது வேற, மாடி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு சொல்றவங்கள பாக்குறது வேற. உங்களுது ரெண்டாவது கணக்கு. ரத்தசோகையாவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனா டாக்டர்கிட்ட போன உடனே அதைத்தான் மொத வார்த்தையா சொல்லணும். "சும்மா செக்கப்புக்கு வந்தேன்"னு உக்காந்தீங்கன்னா அவரு வேற மாதிரி யோசிப்பாரு. ஒரு வேளை உக்காந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தம், தாடை, முதுகு, கைக்கு வலி பரவுறது, காரணமில்லாம வேர்த்துக் கொட்டுறதுன்னு வந்தா லேப்பும் வேண்டாம் ஃபோரமும் வேண்டாம், 108. மலைக்கு ரெண்டு பக்கமும் அதே நம்பர்தான். தமிழ்நாட்டுல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே அட்டாக் சந்தேகம்னா மொத டோஸ் மாத்திரைகள குடுத்து அனுப்புற திட்டம் 2023லருந்து இருக்கு, இதயம் காப்போம்னு பேரு. புளியரைல அம்மா வீட்டுல இருக்கும்போது எதாச்சும்னா அத ஞாபகம் வைங்க.

அடுத்து, பொம்பளைகளுக்கு வராதுங்கிற பேச்சு. என் வார்டுல வந்து பாத்தா உங்கம்மா அப்படி சொல்ல மாட்டாங்க. பொம்பளைகளுக்கும் நெஞ்சு வலிதான் அதிகம் வருது, ஆனா அதோட அசதி, மூச்சுத் திணறல், ஓங்கரிப்பு, முதுகு வலின்னு சேந்து வர்றதால வீட்டுலயும் கேஸ்ம்பாங்க, சில கிளினிக்குலயும் கேஸ்ம்பாங்க, அவங்களும் எல்லாருக்கும் சோறு போட்டுட்டுத்தான் வருவாங்க. அதனால லேட்டா வந்து சேருறாங்க, லேட்டா வந்தா தசை செத்துப்போகும். அப்புறம் பிள்ளை வயித்துல இருந்தப்ப பிரஷர் ஏறுச்சுன்னு போற போக்குல சொல்லியிருக்கீங்க பாத்தீங்களா, அது சின்ன விஷயம் இல்ல. பிரசவ காலத்துல பிரஷரோ சுகரோ வந்தவங்களுக்கு பின்னாடி இதயநோய் வர்ற வாய்ப்பு கூடுதல். பிரசவ ஃபைல் இருந்தா எடுத்துட்டுப் போங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுப் பேப்பர்ல குடும்பத்த வரைஞ்சு வைங்க. அப்பா, பெரியப்பா, அத்தை, தாத்தா, பாட்டி, யாரு எந்த வயசுல, என்ன ஆச்சு, பீடி உண்டா, சுகர் உண்டா. "எங்க குடும்பத்துல ஹார்ட் இருக்கு"ன்னு சொன்னா டாக்டருக்கு அதுல ஒண்ணும் கெடைக்காது, "அப்பா 49ல மில்லுல உக்காந்தபடியே, பெரியப்பா 52ல தூக்கத்துல"ன்னு சொன்னா அவரு பேனாவ எடுப்பாரு.

அண்ணாச்சி, நீங்க சொன்ன ஆஞ்சியோ, கையில தொடையில குழாய் விட்டு பாக்குறது, அறிகுறியும் சந்தேகமும் பலமா இருக்கவங்களுக்குத்தான். எல்லாருக்கும் மொத டெஸ்டா அத பண்ண மாட்டாங்க, அதுல அதுக்குண்டான ஆபத்து கொஞ்சம் இருக்கு. ட்ரெட்மில் ஓட வச்சு பாக்குறது ஒரு வழி, பொம்பளைகளுக்கு அதுல ஒண்ணும் இல்லாமயே இருக்குன்னு காட்டுறது கொஞ்சம் கூடுதல், அதனால அது பாசிட்டிவ்னு வந்தாலும் உடனே அழ வேண்டாம். எக்கோ இதயம் எப்படி பம்ப் பண்ணுது, வால்வு எப்படி இருக்குன்னு காட்டும், குழாய் அடைப்ப நேரா காட்டாது. தம்பிக்கு எக்கோ நல்லா இருக்குன்னா குழாயும் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

மணி தம்பி, கால்சியம் ஸ்கோர் நல்ல டெஸ்ட், மருந்து ஊசி கூட இல்லாம சட்டுனு எடுத்துருவாங்க. ஆனா அது குழாய்ல சுண்ணாம்பு கட்டி இறுகிப்போன படிவத்த மட்டும்தான் எண்ணும். 34 வயசுல படிவம் இருந்தாலும் அது இன்னும் மெத்துனு இருக்கும், சுண்ணாம்பு ஏறியிருக்காது, ஸ்கோர் பூஜ்யம்தான் வரும். அந்த வயசுல பூஜ்யம்ங்கிறது என்ன வேணா சாப்பிடலாம்னு குடுத்த அனுமதிச் சீட்டு இல்ல. உங்க சித்தப்பா பையன் எல்டிஎல் எவ்வளவுன்னு பாத்தாரான்னு கேளுங்க.

52 நாட்டுல பண்ண இன்டர்ஹார்ட் ஆய்வு 2004ல வந்துச்சு, எங்களுக்கெல்லாம் கிளாஸ்ல சொல்லிக் குடுப்பாங்க. புகை, கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், சாப்பாடு, உடல் உழைப்பு, குடின்னு ஒம்பது விஷயத்துலயே அட்டாக் ஆபத்துல சுமார் 90 சதவீதம் அடங்கிருதுன்னு கண்டாங்க. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு மொத அட்டாக் வர்ற நடு வயசு 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 கிட்ட. நாம ஆறு வருசம் முன்னாடி வரிசைல நிக்கிறோம், அதுவும் உங்க குடும்பம் இன்னும் முன்னாடி நிக்குது. அதனாலதான் 38ல பாக்குறது அதிகப்படி இல்லன்னு சொல்றேன்.

புனலூரா தென்காசியான்னு கேட்டீங்க. ரத்தமும் பிரஷரும் எங்க வேணா பாக்கலாம், உங்களுக்கு எது பஸ் வசதியோ அங்க. கேரளாவுல குடும்பாரோக்ய கேந்திரத்துல பிரஷர் சுகர் பாப்பாங்க. ஆனா பின்னாடி எதாச்சும் பெருசா செய்ய வேண்டி வந்தா இன்சூரன்ஸ் திட்டம் ரேஷன் கார்டு எந்த மாநிலமோ அதப் பொறுத்துதான், உங்க கார்டு கேரளான்னா காருண்யா திட்டத்துல பேரு இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க. பார்டர்ல இருக்கவங்க கடைசி நிமிசத்துல இதுலதான் அல்லாடுறாங்க.

வாலிபால் ராஜா

நர்ஸ் அக்கா குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அக்கா மகன் 22 வயசு, கிரவுண்டுல விளையாடிட்டு இருக்கும்போதே விழுந்தான், தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அட்டாக்னு சொல்லிட்டாங்க. ஒல்லியான பையன், கொழுப்பு சுகர் ஒண்ணும் கிடையாது. அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, அவளும் ஸ்கூல் டீம்ல ஓடுறா. இந்த டெஸ்டெல்லாம் அவளுக்கும் பொருந்துமா?

செங்கோட்டை நர்ஸ்

தம்பி, கேக்கவே சங்கடமா இருக்கு. அது வேற கதையா இருக்கலாம். அந்த வயசுல விளையாடும்போது விழுந்தா அடைப்பவிட இதயத் தசை தடிச்சுப்போற வியாதி, இல்ல இதயத்தோட கரண்ட் ஓட்டத்துல கோளாறு, இதத்தான் மொதல்ல சந்தேகப்படுவாங்க. தசை தடிக்கிறது 500 பேருல ஒருத்தருக்கு இருக்குன்னு கணக்கு, பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு பாதிக்குப் பாதி. மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆளுகளும் சேந்து பண்ண ஒரு ஆராய்ச்சி 2009ல வந்துச்சு, இதயத் தசைப் புரோட்டீன்ல ஒரு ஜீன் மாற்றம் தெற்காசிய மக்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்குன்னு. உங்க அக்கா மகனுக்கு அதான்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணுக்கும் உங்க அக்காவுக்கும் மச்சானுக்கும் இசிஜியும் எக்கோவும் கட்டாயம் எடுக்கணும், இந்த வியாதிக்கு அந்த ரெண்டும்தான் மொத கண்ணு. பாத்து முடியுற வரைக்கும் அவள ஓட விடாதீங்க. ஓடும்போது மயக்கம் வந்திருக்கான்னு அவகிட்ட தனியா கேளுங்க, பிள்ளைக டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு மறைக்கும்.

கூடலூர் வாத்தியார்

தேனி மாவட்டம் கூடலூர்ல இருந்து எழுதுறேன், குமுளிக்குக் கீழ. கழுதுருட்டி அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ கண்ணுல கருவிழியச் சுத்தி வெள்ளையா வளையம் மாதிரி இருந்துச்சா? குதிகாலுக்கு மேல நரம்பு தடிச்சு, இல்ல கை முட்டி மேல கட்டி கட்டியா?

ஏன் கேக்குறேன்னா என் வீட்டுக்காரம்மா குடும்பத்துல அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. பரம்பரைக் கொழுப்பு வியாதின்னு ஒண்ணு உண்டு. ரத்தத்துல இருக்க கெட்ட கொழுப்ப ஈரல்தான் பிடிச்சு எடுக்கணும், அதைப் பிடிக்கிற கொக்கி மாதிரி ஒண்ணு ஈரல் மேல இருக்கு, இந்தக் குடும்பங்கள்ல அந்தக் கொக்கி பாதிதான் வேலை செய்யும். அந்தக் கொக்கியக் கண்டுபிடிச்ச பிரௌன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் பரிசு குடுத்தாங்க. சுமார் 300 பேருல ஒருத்தருக்கு இது இருக்குன்னு சொல்றாங்க, அப்படின்னா நம்ம பக்கத்து ஒரு பெரிய ஸ்கூல்ல நாலஞ்சு பிள்ளைகளுக்கு இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. எல்டிஎல் 190க்கு மேல இருந்தா சந்தேகப்படணும். ஒருத்தருக்கு இருந்தா அவங்க பிள்ளைகளுக்கு ஒவ்வொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணு பொண்ணுன்னு பாக்காது.

எங்க மாமனார் தேங்காயெண்ணெய விட்டாரு, முட்டை மஞ்சக்கருவ விட்டாரு, இறங்கவே இல்ல, நான் சரியா பத்தியம் இருக்கலன்னு அவரே தன்னைக் குத்தம் சொல்லிக்கிட்டே போய்ச் சேந்தாரு. பத்தியம் மட்டும் போதாத வியாதி இது, மாத்திரை வேணும்னு அவரு காலத்துல யாரும் அவருக்கு சொல்லல. இப்ப என் பொண்டாட்டி 12 வருசமா கொழுப்பக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை எடுக்குறா, எல்டிஎல் 230ல இருந்து இறங்கி நிக்குது. எங்க பையனுக்கு 9 வயசுலயே பாத்துட்டோம்.

கழுதுருட்டிக்காரி

வாத்தியாரய்யா, உங்க பதிலப் படிச்சு கை நடுங்கிருச்சு. கண்ணு வளையம் எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அப்பாவுக்கு ரெண்டு குதிகாலுக்கு மேலயும் நரம்பு தடிச்சு விரல் கனத்துக்கு இருக்கும். செருப்போட பின் வார் அதுல உரசுதுன்னு புதுச் செருப்பு வாங்குன அன்னைக்கே அந்த வாரை உளியால அறுத்துட்டுத்தான் போடுவாங்க. மில்லுல தடி புரட்டி புரட்டி தடிச்சுப்போச்சுன்னுதான் சொல்லுவாங்க. நேத்து அண்ணனுக்கு போன் போட்டு கால பாக்கச் சொன்னேன். அவனுக்கும் லேசா இருக்காம்.

சனிக்கிழமை லீவு சொல்லிட்டு தென்காசி போறேன். நோட்டுல குடும்பத்த வரைஞ்சாச்சு, அம்மாகிட்ட கேட்டு தாத்தா வரைக்கும் எழுதிட்டேன். தாத்தாவும் 50 தாண்டலையாம், இத்தனை வருசத்துல எங்ககிட்ட சொன்னதே இல்ல.

பார்டர் மில் அண்ணாச்சி

போயிட்டு வந்து எழுதும்மா. இங்க எல்லாரும் காத்திருப்போம். நான் ஆஞ்சியோன்னு அவசரப்பட்டு சொன்னத நர்ஸம்மா திருத்துனதும் சரிதான்.

கழுதுருட்டிக்காரி

போயிட்டு வந்தாச்சு. எழுத மூணு வாரம் ஆயிருச்சு, மன்னிச்சுக்கிடுங்க.

எல்டிஎல் 212. ஹீமோகுளோபின் 8.6, மூச்சு வாங்குனதுக்கு அதுதான் காரணம்னு சொன்னாரு டாக்டர், இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருக்காரு, மாதவிடாய் அதிகமா போறதுக்கும் தனியா பாக்கச் சொல்லியிருக்காரு. எக்கோ நல்லா இருக்கு. ரத்தம் ஏறுனப்பறம் ட்ரெட்மில் பாக்கலாம்னாரு. லிப்போபுரோட்டீன் ஏ 30க்குள்ளதான், அது ஒண்ணு ஆறுதல். பிரஷர் 138க்கு 88, வீட்டுல வச்சுப் பாக்க மிஷின் வாங்கச் சொன்னாரு, காப்பி குடிச்ச உடனே பாக்காதீங்க, அஞ்சு நிமிசம் முதுகு சாஞ்சு உக்காந்துட்டு கைய நெஞ்சு உயரத்துல வச்சு பாருங்கன்னு சொல்லிக் குடுத்தாரு.

அந்த நோட்டுப் பேப்பர ரொம்ப நேரம் பாத்தாரு. செருப்பு வாரு விஷயத்த சொன்னதும் என் குதிகால தடவிப் பாத்தாரு, எனக்கு இல்ல. ஆனாலும் பரம்பரைக் கொழுப்பாத்தான் இருக்கும்னு எழுதிக் குடுத்திருக்காரு. ஸ்டாட்டின் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இன்னும் பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருக்கான்னு கேட்டாரு, கர்ப்பத்துல அந்த மாத்திரை ஆகாதாம். இல்லைன்னு சொல்லி ராத்திரி ஒண்ணு எடுத்துக்கிட்டு இருக்கேன். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம்.

பிள்ளைகளுக்கும் எல்டிஎல் எடுத்தோம். சின்னவனுக்கு 96. மூத்தவளுக்கு 181. அவளுக்கு பிள்ளைக டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்திருக்காங்க. ரிப்போர்ட்ட கையில வாங்குனப்ப லேப் வாசல்லயே உக்காந்து அழுதேன், அவதான் அம்மா இது தாத்தாவுக்கு இருந்ததானேன்னு கேட்டா. ஆமான்னேன். தாத்தாவுக்கு மாத்திரை இருந்துச்சான்னு கேட்டா. இல்லைன்னேன். அப்புறம் அவ ஒண்ணும் கேக்கல.

தம்பியோட ரிப்போர்ட்ட மைனிய வாட்ஸப்புல அனுப்பச் சொல்லிப் பாத்தேன். எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல்னு சந்தோசப்பட்டாங்கல்ல, அதே ரிப்போர்ட்டுல எல்டிஎல் 204ன்னு இருக்கு, ஒருத்தரும் அதப் பாக்கல. இப்ப அவனும் மாத்திரைல இருக்கான். அண்ணன் பிள்ளைக ரெண்டு பேரையும் இந்த ஞாயித்துக்கிழமை மைனி தென்காசி கூட்டிட்டு வாராங்க. சின்னப்பயலுக்கு ஊசின்னாலே அலறல், என் மக பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிடுதேன்னு சொல்லியிருக்கா, அதனால நாங்களும் காலைல ரயிலேறி வாரோம்.

தென்காசி லேப் தம்பி

அக்கா, ஞாயிறு காலைல 7 மணிக்கு நான்தான் டூட்டி. சின்ன ஊசியா எடுத்து வைக்கேன். பிள்ளைகளுக்கு ராத்திரி சோறு சீக்கிரம் குடுத்துருங்க, காலைல தண்ணி மட்டும், எடுத்து முடிச்சதும் சாப்பிட இட்லி டப்பால போட்டுக் கொண்டு வாங்க.